ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: மாட்டிய பிறகுதான் வேலையே

வீடுகளுக்கு ஹீட்டரும் ஏசியும் பொருத்துவது என் தொழில். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், அதாவது நாம் போட்ட அட்டவணைப்படி ஹீட்டர், ஏசியின் வெப்பநிலையைத் தானே மாற்றும் சாதனம், வாங்கி மாட்டியவர்கள் "பில் குறையவே இல்லையே" என்று கூப்பிட்டால், அங்கே போனதும் நான் முதலில் பார்ப்பது திரையில் 'ஹோல்ட்' என்று இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருக்கும். யாரோ ஒரு நாள் குளிருகிறதே என்று வெப்பத்தைக் கூட்டியிருப்பார்கள். 'அடுத்த மாற்றம் வரை' என்று கொடுக்காமல் 'நிரந்தரம்' என்று அழுத்தியிருப்பார்கள். அதோடு அட்டவணை நின்றுபோகும். அப்புறம் ராப்பகலாக ஒரே வெப்பநிலைதான்.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் கூடக்கூட, சுவர், ஜன்னல் வழியாக வெப்பம் வேகமாகக் கடக்கும். குளிர்காலத்தில் ஆள் இல்லாத நேரம் வீட்டைக் குளிரவிட்டால் அந்த நேரம் முழுக்க இழப்பு குறைகிறது. "திரும்பச் சூடாக்க அதைவிட அதிகம் செலவாகுமே" என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரண ஹீட்டர், ஏசியில் அப்படி ஆவதில்லை. திரும்ப ஏற்ற ஆகும் செலவு, மிச்சப்பட்டதைவிடக் குறைவுதான். தினமும் 8 மணி நேரம் வெப்பநிலையை 4 முதல் 5.5 டிகிரி செல்சியஸ் வரை மாற்றி வைத்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இது வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் செலவில்தான், மொத்த பில்லில் அல்ல.

வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டு, பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றி, எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வயர்கள் பல இருந்தால் அது பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பு. அதில் 'சி' வயர் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வேலை செய்யத் தொடர்ந்து மின்சாரம் தருவது அதுதான். அது இல்லையென்றால் அடாப்டர் தேவைப்படலாம். தடித்த வயர் இரண்டோ நான்கோ இருந்தால் கை வைக்காதீர்கள். அது 120 அல்லது 240 வோல்ட் நேரடி இணைப்பாக இருக்கும். அதற்கென்று தயாரித்த தெர்மோஸ்டாட்தான் பொருந்தும், எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். ஸ்பிளிட் ஏசிக்கு இந்த வயரிங் எதுவும் வேண்டாம். ரிமோட்டைப் போலவே அகச்சிவப்புக் கதிரில் கட்டளை அனுப்பும் ஸ்மார்ட் கன்ட்ரோலர் போதும்.

மாட்டும் இடம் உட்புறச் சுவராக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். வெயில், டிவி, அடுப்பு, காற்று வரும் துவாரம் எதுவும் பக்கத்தில் கூடாது. வயர் வரும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் காற்று பட்டால் சென்சார் பொய்க்கணக்குச் சொல்லும்.

சரி, அட்டவணைக்கு வருவோம். எழும் நேரம், வெளியே போகும் நேரம், திரும்பும் நேரம், படுக்கும் நேரம் என்று நான்கு போதும். குளிர்காலத்தில் விழித்திருக்கும்போது 20 டிகிரி, ஆள் இல்லாதபோதும் தூங்கும்போதும் 16 அல்லது 17 என்று தொடங்கலாம். வெயில் காலத்தில் இருக்கும்போது 26, இல்லாதபோது 29. உடம்புக்கு ஒத்துவரவில்லையென்றால் ஒரு டிகிரி மட்டும் மாற்றிச் சில நாள் பாருங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ நோயாளிகளோ இருக்கும் வீட்டில் இந்த எண்களைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் சௌகரியம் முதலில், பில் அப்புறம்.

ஹீட் பம்ப், அதாவது வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடும் கருவி, வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். வெப்பநிலையை நிறைய இறக்கிவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றச் சொன்னால், பம்ப் மட்டும் போதாது என்று துணை ஹீட்டர் சேர்ந்து ஓடத் தொடங்கும். அது மின்கம்பியைச் சூடாக்கி வெப்பம் தருவது. அதே அளவு வெப்பத்துக்கு ஹீட் பம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் பிடிக்கும். இரவெல்லாம் மிச்சம் பிடித்ததைக் காலை ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். அதனால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் இருந்தால் துணை ஹீட்டர் வேண்டாம் என்று தடுக்கும் செட்டிங் பல மாடல்களில் உண்டு. அதைத் தேடிப் போடுங்கள். ஹீட் பம்ப் வீடுகளில் நான் அதைச் சரிபார்க்காமல் கிளம்புவதே இல்லை.

போன் இருக்கும் இடத்தை வைத்து 'ஆள் இல்லை' என்று கண்டுபிடிக்கும் வசதியைப் போடுவதானால், வீட்டில் எல்லார் போனையும் சேருங்கள். ஒருவர் போனை மட்டும் சேர்த்தால், அவர் கிளம்பியதும் மற்றவர்கள் வீட்டுக்குள் நடுங்குவார்கள். போன் வைத்திராத தாத்தா பாட்டி பகலில் தனியாக இருக்கும் வீட்டுக்கு இந்த வசதியே வேண்டாம்.

ஃபேனை 'ஆன்' என்று வைக்காமல் 'ஆட்டோ'வில் வையுங்கள். ஏசி நின்ற பிறகும் ஃபேன் சுற்றினால், ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் (காயில்) படிந்த ஈரம் திரும்ப அறைக்குள் வரும். புழுக்கமாக இருக்கிறதென்று நீங்கள் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பீர்கள்.

ஒரு மாதம் ஓடட்டும். போன மாத பில்லோடு ஒப்பிட்டால் கணக்கு வராது, ஏனென்றால் வெளியே தட்பவெப்பம் மாறியிருக்கும். சென்ற ஆண்டு இதே மாதத்து யூனிட் கணக்கோடு ஒப்பிடுங்கள், அப்போது குளிர் கூடுதலா குறைவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதைவிட நேரடியான வழி, ஆப்பில் எந்தெந்த நேரம் ஹீட்டரோ ஏசியோ ஓடியது என்று காட்டும் பக்கம். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் அது நெடுநேரம் ஓடியிருந்தால், முதலில் ஹோல்டைப் பாருங்கள், அப்புறம் அட்டவணையில் அந்த நாளைத் திறந்து திருத்துங்கள்.