ஆளுங்கட்சியும் வேண்டாம், எதிர்க்கட்சி நிறுத்திய ஆளும் பிடிக்கவில்லை: என்ன செய்யலாம்?

முதலில் தொகுதியைச் சரிபாருங்கள். உதாரணமாக, காட்பாடி வேலூர் மாவட்டம்தான்; ஆனால் மக்களவைக்கு அரக்கோணம் தொகுதி. வேலூர் வேட்பாளரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, படிவம் 26. வேட்பாளர் தரும் இந்தப் பிரமாணப் பத்திரத்தில் வழக்கு, சொத்து, கடன் எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். கட்சிக்காரர்களைத் தாண்டி சுயேச்சைகளுடையதையும் படியுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை.

அப்படியும் யாரும் தேறவில்லையென்றால் நோட்டா, அதாவது 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்ற பொத்தான். 2013 முதல் இருக்கிறது. பட்டியலில் எப்போதும் கடைசிப் பொத்தான். ஒரு இயந்திரத்தில் 16 பொத்தான்கள். 15 பேருக்கு மேல் நின்றால் நோட்டா அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். முதல் பெட்டியிலேயே தேடித் தடுமாறுபவர்கள் உண்டு. அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், விவிபேட் (யாருக்குப் போட்டீர்கள் என்று அச்சிட்டுக் காட்டும் இயந்திரம்) கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும். பார்த்துவிட்டு நகருங்கள்.

வாக்குச்சாவடிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் 'ஓட்டுப் போட விருப்பமில்லை' என்று சொல்லும் வழியும் உண்டு; தேர்தல் விதி 49-ஓ. அதுவும் அந்தப் பதிவேட்டில் ஏறும்; ரகசியம் போய்விடும். நோட்டாவே மேல்.

ஆனால் ஏமாறாதீர்கள்: நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்த வேட்பாளர்தான் ஜெயிப்பார். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. 2019 ஆகஸ்டில் வேலூரில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். முடிவு மாறவில்லை. ஆளை மாற்ற வேண்டுமானால், கட்சியின் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் முன்பே அதன் ஒன்றியச் செயலாளரிடமும் மாவட்டச் செயலாளரிடமும் ஊரோடு போய் எழுத்தில் கொடுங்கள்.