எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவிடம் இரண்டு. ஒன்று, 1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த வீடு. மற்றது, கல்கி முன்னின்று மக்களிடம் நிதி திரட்டிக் கட்டி, 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம். ‘பாரதி நினைவிடம்’ என்று பொதுவாகச் சொன்னால் மண்டபத்தோடு பயணம் முடிந்துவிடலாம். ஓட்டுநரிடம் ‘பாரதி பிறந்த வீடு’ என்றே சொல்லுங்கள்.

2025 மார்ச்சில் அந்த வீட்டின் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பழைய கட்டடம், பராமரிப்பு வேலை எப்போது நடந்தாலும் கதவு பூட்டியிருக்கும். முதல் நாளே, பக்கத்து ஊரான கோவில்பட்டியில் நீங்கள் தங்கும் விடுதியில் சொல்லி, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருவோருக்கு ரயில்தான் வசதி. எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோவில்பட்டி. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பண்டிகைக் காலச் சீட்டுகள் அன்றே தீர்ந்துவிடும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கி.மீ.; விளாத்திகுளம் செல்லும் பேருந்தில் ஏறலாம். மதுரையிலிருந்து காரில் வந்தால் அருப்புக்கோட்டை வழியே தூத்துக்குடி நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். வெளிநாட்டு வங்கி அட்டை ஆட்டோவுக்கும் டீக்கடைக்கும் உதவாது. 10, 20, 50 ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

கரிசல் மண் வெயில் கடுமையானது. ஏப்ரல், மே வேண்டாம்; ஜனவரி, பிப்ரவரி நல்லது. பிறந்த நாளிலும் செப்டம்பர் 11 நினைவு நாளிலும் மாலை அணிவிப்பு, பள்ளிப் பிள்ளைகள் என்று கூட்டம் நிறையும். விழாவைக் காண அந்த நாள்கள் பொருத்தம். வீட்டை நிதானமாகப் பார்க்க அல்ல.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பாட்டாவது முன்பே பழக்கிக் கூட்டிவாருங்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் பழைய வீடுதான். வழியில் கரிசல் காடுகளைக் காட்டி, தந்தை சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை தொடங்கி நொடித்த கதையைச் சொல்லுங்கள். பதினோரு வயதில் ‘பாரதி’ பட்டம் வாங்கிய சிறுவன், சில ஆண்டுகளிலேயே வறுமையையும் பார்த்தது இந்த ஊரில்தான்.

அரை நாள் ஒதுக்கினால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலத்தையும், 1835 தீபாவளியன்று மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியையும் பார்த்துவிடலாம். மூவரின் நினைவிடமும் இதே ஊரில்தான்; இதை விட்டுவிட்டு வரக்கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். செருப்பை வெளியே விடுங்கள்.

திரும்பும்போது கோவில்பட்டியில் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் நினைவகம் இருக்கிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும் அங்கேதான். ஈரம் படாத பொட்டலமாக வாங்குங்கள். ஆஸ்திரேலியா திரும்புவோர், அங்கே இறங்கும்போது நிரப்பும் பயணியர் படிவத்தில் அதை உணவுப் பொருளாகக் குறிப்பிட மறக்காதீர்கள்.