தோலில் தையல் டிசைனை இறக்குவது எப்படி

துணியில் தவறிய தையலைப் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும். அதனால் மெஷினில் உட்காரும் முன்பே கோடு சரியாக விழுந்திருக்க வேண்டும்.

தோலுக்கு உள்துணியோ உள்தோலோ ஒட்டுவதாக இருந்தால், முதலில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு டிசைனை இறக்குங்கள். ஒட்டும்போது தோல் இழுபட்டால் வரைந்த கோடும் கோணிவிடும்.

குரோமிய உப்பில் பதனிட்ட (குரோம்) தோலில் அழுத்திய கோடு நிற்காது. அதற்குப் பொடி முறைதான்: தாளில் கோட்டின் மேல் ஓட்டை குத்தி, அதன் வழியே தோலில் பொடியை இறக்குவது. டிசைனைக் கனமான டிரேசிங் பேப்பரில் வரையுங்கள். இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டிய டிசைன் என்றால் பாதி மட்டும் வரைந்து, நடுக்கோட்டில் மடித்து, இரண்டையும் சேர்த்தே குத்துங்கள். மெஷினில் நூல் கோக்காமல், பழைய 80 நம்பர் ஊசியைப் போட்டு, தையல் நீளம் 2 மி.மீ. வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டினால் போதும். கூர் முனைகளில் மட்டும் ஓட்டை கட்டாயம் விழ வேண்டும். முனை தவறினால் டிசைனில் உள்ள பூ இதழ் மொட்டையாகிவிடும்.

குத்திய தாளின் பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும். அதை 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். விட்டால் பிசிறு ஓட்டையை அடைத்துக்கொள்ளும், பொடி இறங்காது. பொடியைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வேலையை விட்டவர்கள்தான்.

கருந்தோலுக்கு வெள்ளை சாக்பீஸ் பொடி, வெளிர் தோலுக்கு மிகக் கொஞ்சமாகக் கரித்தூள். கலர் பொடி வேண்டாம். நுண்துளையில் ஏறினால் போகாது. தாளின் ஓரங்களில் எடை வையுங்கள். டேப் மேல்பூச்சை உரித்துவிடும், குண்டூசி ஓட்டை போடும். பொடியை மெல்லிய துணியில் முடிந்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தாளுக்கு அடியில் பரவி, புள்ளிகள் மங்கும். பிறகு தாளை இழுக்காமல் நேராகத் தூக்குங்கள்.

புள்ளிகள் கைபட்டால் அழிந்துவிடும் என்பதால் உடனே சில்வர் பேனாவால் இணையுங்கள். மேல்பூச்சுள்ள வழவழப்பான தோலில் இந்தக் கோடு பெரும்பாலும் துடைத்தால் போகும், ஸ்வேடில் (பஞ்சுபோல் மென்மயிர் எழுப்பிய தோல்) போகாது. எதற்கும் ஒரு துண்டுத் தோலில் போட்டுப் பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவைத் தொடவே வேண்டாம்.

மரப்பட்டைச் சத்தில் பதனிட்ட, பூச்சில்லாத தோல் என்றால் வேலை சுலபம். ஸ்பான்ஜால் தண்ணீர் ஒற்றி, நனைந்த நிறம் வெளிறத் தொடங்கும்போது பிளாஸ்டிக் டிரேசிங் ஃபிலிமை வைத்து, மழுங்கிய முனைக் கம்பியால் கோட்டை அழுத்துங்கள். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதா இரும்பு ஈரத்தோலில் பட்டால் கருநீலக் கறை விழும்.

பல வரிசைத் தையலாக இருந்தாலும் முதல் வரிசைக்கு மட்டும் கோடு போதும். மற்றவற்றை மெஷின் பாதத்தின் ஓரத்தைப் பிடித்தே ஓட்டலாம். தையல் நீளம் 3 மி.மீ. இருக்கட்டும். மிகவும் நெருக்கினால் தபால்தலை ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழியும்.