புல்விரிப்பின் மேல் பொம்மைச் சிப்பாய்கள்: குமரி மாவட்ட வீடுகளில் ஒரு போர்க்களக் காட்சி அமைப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் குடில் கட்டும் காலம் நெருங்கிவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைவீதிகளில் பச்சைப் புல்விரிப்புச் சுருள்களைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். வீட்டில் ஒரு பெட்டி பொம்மைச் சிப்பாய்கள் வைத்திருக்கும் எவருக்கும் அதைக் கண்டவுடன் கை துறுதுறுக்கும். ஒரு மீட்டர் வெட்டி வாங்கி, மேசையில் விரித்து, சிப்பாய்களை நிறுத்திப் பார்த்தால், அணிவகுத்து வரும் படையாகத் தெரியாமல் கதிர் முற்றிய வயலுக்குள் இறங்கிய ஆட்களாகத்தான் தெரிவார்கள். குற்றம் சிப்பாயிடமும் இல்லை, விரிப்பிடமும் இல்லை. புல்லின் நீளத்தை ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கியதுதான் காரணம்.

ஆகவே கடைக்குப் போகும்முன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் சிப்பாய்கள் இரண்டு அளவுகளில் வருகின்றன. 54 மில்லிமீட்டர் உயரமுள்ளவை உண்மையான ஆளின் 32-இல் ஒரு பங்கு; 24 மில்லிமீட்டர் அளவில் இருப்பவை 72-இல் ஒரு பங்கு. குடில் கடையில் கிடைக்கும் விரிப்பின் புல் 10 மில்லிமீட்டர் நீளம் என்றால், பெரிய சிப்பாய்க்கு அது 32 சென்டிமீட்டர் உயரப் புல், சிறிய சிப்பாய்க்கு 72 சென்டிமீட்டர். வீட்டு முற்றத்தில் விரிக்கும் 35 மில்லிமீட்டர் ரகத்தை எடுத்தால், சிறிய சிப்பாய்க்கு அது இரண்டரை மீட்டர் உயரப் புல்லாகி, அவர் தலையையே மூடிவிடும். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால், ஒரு சிப்பாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், விரிப்பின் மேல் நிறுத்திப் பார்த்து வாங்கலாம். புல் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் நின்றால் போதும். முழங்காலைத் தாண்டினால் அந்த விரிப்பு வேண்டாம். 24 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு 2 மில்லிமீட்டர் புல்லும், 54 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள புல்லும் பொருந்தும். இவ்வளவு குட்டையான புல், கல்லூரி மாணவர்களின் கட்டட மாதிரிகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் தாள் முதுகு ஒட்டிய விரிப்பாகவும், இணையத்தில் மாதிரி ரயில் அமைப்போருக்கான தூவும் நைலான் இழையாகவும் கிடைக்கிறது.

அடுத்து, எந்தக் காட்சி என்று முடிவு செய்ய வேண்டும். இந்த மாவட்டத்தில் இருப்பவர் நெப்போலியனைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பின்னர் அதே மன்னரிடம் பணிக்குச் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் சரணடையும் காட்சி ஓவியமாக இருப்பதால், ஆட்களின் நிலையையும் உடையையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். டச்சு வீரர்களுக்கு, மும்முனைத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படைப் பொம்மைகள் உதவும். மன்னர் தரப்பில், வேட்டி உடுத்து வாளும் கேடயமும் ஏந்திய நாயர் வீரர்களைக் கடையில் எதிர்பார்க்காமல், வேறு பொம்மைகளை எம்-சீல் ஒட்டுமாவு கொண்டு மாற்றிச் செய்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கியைப் போலக் காட்டினார்கள் என்றும், கடற்கரை மக்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று படையென மிரட்டினார்கள் என்றும் இங்கே வழங்கும் செவிவழிக் கதைகளை ஒரு ஓரத்தில் வைத்தால், காட்சிக்கு ஒரு சுவை கூடும்.

குளச்சல் என்று முடிவு செய்தபின் புல்லின் நிறமும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகஸ்ட் என்பது தென்மேற்குப் பருவமழைக் காலம், எனவே பச்சை சரியே. ஆனால் கடற்கரைப் பூமி ஆதலால் தளத்தில் பாதிக்கு மேல் மணலாகவும், புல் திட்டுத்திட்டாகவும் இருக்க வேண்டும். முழுத் தளத்தையும் பச்சையால் மூடினால் கால்பந்து மைதானம் ஆகிவிடும்.

தளத்துக்கு 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் போதுமானது. சிறிய சிப்பாய்களின் கணக்கில் 60 சென்டிமீட்டர் என்பது 43 மீட்டர். அக்காலத் துப்பாக்கிகள் நூறு மீட்டருக்குள்தான் ஓரளவேனும் குறி பார்த்துச் சுட்டன என்பதால், எதிரெதிர் இரு அணிகளையும் அதில் நிறுத்தலாம். பெரிய சிப்பாய்களுக்கு அதே தளம் வெறும் 19 மீட்டர் என்பதால், ஒரு பக்கத்தாரை மட்டும் காட்டுவதே பொருத்தம். மரம் வைக்க நினைப்பவர்கள் அலமாரித் தட்டின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும்: 20 மீட்டர் பனைமரம் சிறிய அளவில் 28 சென்டிமீட்டரும், பெரிய அளவில் 62.5 சென்டிமீட்டரும் வரும்.

அடிப்பலகைக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை வேண்டாம், இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த ஊரில் அது ஓரங்களில் ஊறி உப்பிவிடும். பி.வி.சி. பலகையோ, தண்ணீர் தாங்கும் ரகப் பிளைவுட்டோ நல்லது. அதன் மேல் 2 சென்டிமீட்டர் தெர்மாகோல் ஒட்டி, கத்தியால் செதுக்கி மேடு பள்ளம் எழுப்ப வேண்டும். ஒட்டுவதற்குப் பெவிகால் போன்ற வெள்ளைப் பசை மட்டுமே ஏற்றது. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையை அவசரத்தில் நான் ஒருமுறை தடவிவிட்டு உறங்கப் போனேன். காலையில் மேடு இருந்த இடத்தில் ஒரு குழியும், அதற்குள் தலைகுப்புற ஒரு குதிரை வீரரும் இருந்தார்கள். அந்தப் பசையிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்; ஸ்பிரே பெயிண்டும் அப்படியே. குடில் கட்டும்போது பழக்கமாகக் காய்ச்சும் மைதாப் பசையும் கூடாது, பூச்சி வரும்.

தளத்தின் மேல் பழுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசி, அது காய்ந்ததும் பசை தடவி மண் தூவ வேண்டும். தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்தலாம். கடற்கரை மணலை எடுத்து வராதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து உலோகச் சிப்பாய்களை அரிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் கலந்த மோனசைட் கனிமம் வேறு இருக்கிறது, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வீட்டில் வைத்துக்கொள்வானேன்? நன்கு கழுவிக் காயவைத்த ஆற்றுமணலே கடற்கரை போலத் தெரியும். கதம்பையிலிருந்து உதிரும் தேங்காய் நார்த்தூளை மண்ணோடு சிறிது கலந்தால், உழுது கிடக்கும் நிலத்தின் தோற்றம் கிடைக்கிறது.

புல் ஒட்டுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. தாள் முதுகு விரிப்பைக் கத்தரியால் வெட்டாமல், முதுகை லேசாக நனைத்துக் கையால் கிழித்தால் ஓரம் ஒழுங்கற்று வரும். அந்த ஒழுங்கின்மைதான் வேண்டியது. தையல் போட்ட தடித்த விரிப்பு என்றால் கவிழ்த்துப் போட்டு, முதுகில் தெரியும் இரண்டு தையல் வரிகளுக்கு நடுவே பிளேடால் கீற வேண்டும். மேலிருந்து வெட்டினால் இழைகள் பாதியில் அறுந்து, நாவிதர் பாதியில் விட்டுப்போன தலை மாதிரி ஆகிவிடும். எந்த விரிப்பிலும் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். உள்ளங்கையை அதன் மேல் ஓட்டிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் குத்தும். இழைகள் பார்ப்பவரை நோக்கிச் சாயுமாறு எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டினால் ஒரே சுருளில் வெட்டியதுகூட இரண்டு நிறமாகத் தெரியும்.

ஒட்டிக் காய்ந்தபின் பிளாஸ்டிக் பளபளப்பைக் கொல்ல வேண்டும். பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்தால் அது புல்லின் அடியில் தங்கி நிழல் போல நிற்கும். அது ஈரமாக இருக்கும்போதே, சலித்த மண்தூளை விரல்களுக்கிடையில் உதிர்க்க வேண்டும். நுனிகளில் மட்டும், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வைக்கோல் மஞ்சளை இழுத்துவிட்டால், பச்சை ஒரே பச்சையாக இல்லாமல் உயிர் பெறும். ஆட்கள் நடந்துவரும் தடத்தில் புல்லைக் கத்தரித்து, மண் தெரிய விட வேண்டும். தூவும் நைலான் இழையைப் பயன்படுத்துவோர், பசை ஈரமாக இருக்கும்போதே இழையை மென்மையான பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் குலுக்கிப் பீய்ச்சினால், உராய்வில் எழும் மின்னூட்டத்தால் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். கொசு மட்டையைப் பிரித்து இதற்கான கருவி செய்வோர் உண்டு; மின்வேலை அறியாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

பெரும்பாலான சிப்பாய்களின் காலடியில் ஒரு தட்டு இருக்கும். அதைப் புல்லின் மேல் அப்படியே வைத்தால் எல்லாரும் சோப்புக்கட்டியின் மேல் நிற்பது போலத் தோன்றும். தட்டைத் தளத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த அளவுக்குப் புல்லையும் தெர்மாகோலையும் குழித்தெடுத்துத் தட்டை உள்ளே இறக்கி, ஓரத்தில் மண் தூவினால் தட்டு மறைந்துவிடும். இடம் மாற்றி மாற்றி வைக்க விரும்புவோர் தட்டை வெட்டி நீக்கி, காலில் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டு செருகித் தளத்தில் குத்தி நிறுத்தலாம். மென்பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பசை சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அவர்களுக்கு இந்தக் கம்பிதான் வழி.

நிறுத்தும் முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எந்த வரிசையும் தளத்தின் விளிம்புக்கு இணையாகப் போகக் கூடாது. சற்றே கோணலாக, மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட சிறு கூட்டங்களாக நிறுத்தி, கொடி பிடித்தவரை மேட்டில் ஏற்றினால் கண் தானாக அங்கே போகும். ஒரு மூலையை வெறும் மணலாகவே விட்டுவிடுங்கள். தளத்தை உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் வைப்பது, மேலிருந்து குனிந்து பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

மழைக்காலத்தில் பசை காய நாள் பிடிக்கும். ஈரம் முழுதும் போகுமுன் கண்ணாடிப் பெட்டியில் பூட்டினால் புல்லின் அடியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் இந்த வேலையைச் செய்வது உத்தமம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று இருக்கட்டும். நவராத்திரிக் கொலுப் பொம்மைகளோடு போடும் அந்துருண்டையை மட்டும் இங்கே போடாதீர்கள். அதன் ஆவி தெர்மாகோலையும் கடினப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பழைய ஈயச் சிப்பாய்கள் உள்ள பெட்டியில், புளித்த வாடை வீசும் சிலிக்கான் பசையால் கண்ணாடி ஒட்டக் கூடாது. அந்த அசிட்டிக் அமிலம் ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். ஈயப் பொம்மைகளைக் குழந்தைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள். வெயில் நேராக விழும் சன்னலோரம் வேண்டாம். தூசி படிந்தால், ஓவியத் தூரிகையால் புல் சாய்ந்திருக்கும் திசையிலேயே தட்டிவிட்டால் போதும்.