வித்வானிடம் பேச நான் கண்ட வழி

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசனில் கச்சேரி முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மேடையருகே போய்ப் பாடகரிடம் பேசலாம். எனக்கோ அங்கே போனாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது கச்சேரியை முடிக்கும் பாட்டான மங்களம் பாடும்போதே, அன்றைய பாட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மனதில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். “தோடி ஆலாபனையில பஞ்சமத்தையே தொடாம ரொம்ப நேரம் பாடினீங்களே, முன்னாடியே யோசிச்சு வச்சதா சார்?” என்று ஒருமுறை கேட்டேன். (தோடி ஒரு ராகம்; ஆலாபனை, பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது; பஞ்சமம், ‘ப’ என்ற ஸ்வரம்.) மனுஷர் அங்கேயே பாடிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்! “நீங்க தெய்வம்” என்றால் பாவம், அவர் கும்பிடு போடுவதைத் தவிர என்ன செய்வார்?

வரிசையில் நிற்கையில் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுவேன், படபடப்பு இறங்கும். செல்ஃபி கடைசியில்தான். பின்னால் கூட்டம் நெருக்கினால் அதுவும் வேண்டாம்.