ஜேம்ஸ் ரோஸின் சரிவு ஊசியைக் காசிமேட்டில் செய்து பார்க்கும் முறை

1831 ஜூன் 1 அன்று, வட கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில், பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ரோஸ், இனூயிட் மக்கள் விட்டுச்சென்றிருந்த குடில்களில் கருவிகளை அமைத்து, காந்தச் சரிவை, அதாவது காந்த ஊசி கிடைநிலையிலிருந்து தாழும் கோணத்தை, 89 பாகை 59 கலை (60 கலை ஒரு பாகை) என்று அளந்தார். ஊசி ஏறக்குறையச் செங்குத்தாகத் தரையை நோக்கி நின்றது. கிடையாகத் தொங்கவிட்ட ஊசிகளோ எந்தப் பக்கமும் திரும்பவில்லை. ஊசி இப்படிச் செங்குத்தாக நிற்கும் இடமான வட காந்தத் துருவம் எங்கே இருந்தது என்பது அன்றுதான் தெரியவந்தது. சரிவை அளக்கும் அந்த ஊசியின் எளிய வடிவத்தை நாமும் செய்யலாம்.

ஸ்வெட்டர் பின்னும் எஃகு ஊசி ஒன்று வேண்டும். அலுமினிய ஊசிகளும் விற்பதால், காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஊசியை ஒரு பாட்டில் தக்கையின் நடுவே செலுத்தி, அதற்குக் குறுக்காக நேரான பித்தளைக் கம்பியை அச்சாகச் செருகி, இரண்டு கண்ணாடி டம்ளர்களின் விளிம்பில் அச்சைத் தாங்கவிடுங்கள். ஊசி கிடையாக நிற்கும்வரை அதை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிச் சரிசெய்யுங்கள். அவசரப்பட்டால் கெடுவது இந்தக் கட்டம்தான். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. அதன்பின், ஊசியைத் தக்கையிலிருந்து எடுக்காமலேயே, ஒரு பாதியைக் காந்தத்தின் ஒரு முனையாலும் மறு பாதியை மற்ற முனையாலும், நடுவிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் முப்பது முறை தேயுங்கள்.

எங்கே அளப்பது என்பது மிக முக்கியம். 1818இல் ஜான் ரோஸின் தலைமையில் வடக்கே சென்ற பீரங்கிப்படை அதிகாரி எட்வர்டு சபைன், இசபெல்லா, அலெக்சாண்டர் என்னும் இரு கப்பல்களிலும் திசைகாட்டிகள் பிறழ்ந்ததை ஆராய்ந்து எழுதினார். கப்பலின் இரும்பை விட்டு விலக, அவர்கள் பனிப்பரப்பில் இறங்கி அளந்தார்கள். நமது மொட்டை மாடியின் கான்கிரீட்டுக்குள்ளும் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன; காசிமேட்டுத் துறைமுகத்திலோ விசைப்படகுகளின் இயந்திரங்கள். ஆகவே அவற்றைவிட்டுத் தள்ளி, திருவொற்றியூர்ப் பக்கம் மணலில் மரப்பலகை ஒன்றைப் போட்டு, வாடைக்காற்று படாதபடி அட்டைப்பெட்டியால் மறைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த காந்தத்தை வெறும் மணலில் வைத்துவிடாதீர்கள். கருமணல் துகள்கள் முள்முள்ளாய் ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் போகாது.

திசைகாட்டியைக் கொண்டு ஊசி வடக்கு தெற்காக அமையும்படி டம்ளர்களைத் திருப்பியபின், திசைகாட்டியை அப்பால் எடுத்துவிட்டு, பின்னால் கோணமானியை நிறுத்தி, ஊசியின் இரு நுனிகளையும் படியுங்கள். அடுத்து அச்சின் வலது இடது முனைகளை மாற்றி வைத்துப் படியுங்கள். கடைசியாக ஊசியை எதிர்மாறாகத் தேய்த்து, முனைகளை மாற்றி, அனைத்தையும் மறுபடி படித்துச் சராசரி எடுங்கள். எடைச் சமநிலையில் எஞ்சியிருக்கும் பிழையைப் பெரும்பாலும் நீக்குவது இந்தக் கடைசி மாற்றமே. அக்காலத்து அளவையாளர்களும் இப்படித்தான் முனைகளை மாற்றி மாற்றி அளந்தார்கள்.

ஊசி சரியாமல் கிடையாகவே நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்வதால், இங்கே ஊசியின் வடநுனி சிறிதளவே தாழும். தக்கை ஊசியில் சில பாகைப் பிழை வரத்தான் செய்யும். எனவே நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து, அதே இடத்தில் இன்னொரு நாள் காலையிலும் அளந்து, இரண்டு கணக்குகளையும் அருகருகே எழுதிவையுங்கள்.