கிளேசியர் பே நாள்: குழந்தைகளோடு கப்பலிலிருந்து பனியாறு பார்ப்பது எப்படி

அலாஸ்கா கப்பல் பயணத்தில் பனியாறு பார்க்கும் நாளன்று பல குடும்பங்கள் ஒரே தவறைத்தான் செய்கின்றன. விடிந்ததும் பிள்ளைகளை எழுப்பி மேல்தளத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மார்ஜெரி பனியாறு கண்ணெதிரே வரும்போது பிள்ளைகள் விறைத்துப்போய், பசியில் "ரூமுக்குப் போலாம்" என்று சிணுங்கிக்கொண்டிருப்பார்கள். கப்பல் கிளேசியர் பே என்ற இந்த விரிகுடாவுக்குள் ஒன்பது, பத்து மணி நேரம் இருக்கும். அதில் மார்ஜெரி முன்னால் நிற்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகளிடம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதை ஒட்டித் திட்டமிடுவதுதான்.

டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அலாஸ்கா போகும் எல்லாக் கப்பலும் கிளேசியர் பே விரிகுடாவுக்குள் நுழைவதில்லை. தேசியப் பூங்கா என்பதால் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. பயணத் திட்டத்தில் பொதுவாகப் ‘பனியாறு காட்சி’ என்று போட்டிருந்தால் அது ஹப்பர்ட் பனியாறாகவோ எண்டிகாட் ஆர்ம் என்ற நீர்வழியாகவோ இருக்கலாம். அவையும் சளைத்தவை அல்ல, ஆனால் எந்த இடம் என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். கேபின் எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பனியாற்றின் முன் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும், இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும்.

முந்தைய இரவே உடுப்புகளை எடுத்து வைத்துவிடுங்கள். கோடையிலும் பல நாள் 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும், பனிக்கட்டிமேல் தவழ்ந்து வரும் காற்று அதையும் குறைத்துவிடும். தடித்த கோட்டு ஒன்றைவிட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற மேலுடை, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது, ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காதை மூடும் குல்லா ஆளுக்கொன்று. கையுறை மட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி, ஏனென்றால் தளத்தின் கைப்பிடிக் கம்பியில் தேங்கிய மழைநீரைத் தொட்டு முதல் ஜோடியை அரைமணியில் ஈரமாக்கிவிடுவார்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. வில்லை) போதும். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கையின் நடுக்கமும் அதே அளவு பெருகும், ஒன்றும் தெளிவாகத் தெரியாது. கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் கப்பலின் செல்போன் இணைப்பைப் பிடித்துக்கொண்டு கட்டணம் ஏறும்.

காலையில் விரிகுடாவின் வாயருகே உள்ள பார்ட்லெட் கோவ் பக்கம் பூங்கா ரேஞ்சர்கள் (பூங்கா அலுவலர்கள்) சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறுவார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் காட்சி இது. அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்பவர்களும் இவர்களே. ஏறியதும் அவர்களிடம், பிள்ளைகள் முடித்துக் காட்டினால் பேட்ஜ் கிடைக்கும் ஜூனியர் ரேஞ்சர் புத்தகமும், வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள். மார்ஜெரி முன் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள், அது கப்பலுக்குக் கப்பல் மாறும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: ஒரு மணி நேரம் முன்பே சாப்பாடு, அரைமணி முன்பு கழிவறை, கால்மணி முன்பு உடுப்பு.

அதுவரை கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருப்பதே புத்திசாலித்தனம். விரிகுடாவின் வாய்ப்பகுதியில் கடல் நீர்நாயும் கூன்முதுகுத் திமிங்கிலமும் தென்படும். சவுத் மார்பிள் தீவில் கடற்சிங்கங்கள் கிடக்கும், காற்று நம் பக்கம் வீசினால் நாற்றமே அறிவித்துவிடும். குளூமி நாப் என்ற பாறைமலையில் வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தால் அவை மலையாடுகள். இவற்றுக்கு ஐந்து நிமிடம் வெளியே, இருபது நிமிடம் உள்ளே என்று போய்வாருங்கள்.

இடையில் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் குழு வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது, வாயருகே பனிச்சுவர் அடைத்து நின்றது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. பனி எங்கே முதலில் விலகியதோ அங்கே ஓங்கிய ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காடு. உள்ளே போகப்போக மரங்கள் குட்டையாகிப் புதராகும், கடைசியில் மொட்டைப் பாறை. எந்த இடத்தில் மரம் நின்றுபோகிறது என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நல்ல வேலை.

மார்ஜெரி நீரிலிருந்து சுமார் 75 மீட்டர் உயரம், சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். ஆனாலும் முதல் பார்வைக்குச் சிறியதாகத் தெரியும், பக்கத்தில் ஒப்பிட மரமோ வீடோ இல்லை. அதன் முன்னால் பறக்கும் கிட்டிவேக் என்ற கடற்புறாக்களைக் காட்டுங்கள், அளவு சட்டென்று புரிந்துவிடும். மார்ஜெரிக்கு வலப்பக்கம் மண்மேடுபோல் கறுத்துக் கிடப்பதும் பனியாறுதான், கிராண்ட் பசிஃபிக். மேலே கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுவார்கள்.

எங்கே நிற்பது? கூட்டம் கப்பலின் முன்முனைக்கு ஓடும், அங்கேதான் காற்றும் அதிகம். சின்னப் பிள்ளைகளோடு இருந்தால் கீழே உள்ள நடைதளமே நல்லது. மிதக்கும் பனிக்கட்டிகள் சடசடவென்று பொரிவது அங்கே கேட்கும், உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள் உடைகிற ஓசை அது.

பனியாற்றின் சுவர் உடைந்து விழுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். சுவர் முழுவதையும் கண்ணால் மேயாமல், பொடிப்பொடியாகக் கொட்டிக்கொண்டிருக்கும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள், பெரிய துண்டு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சரியும். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். ஒலிக்கு ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். விழுவது தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தி, விநாடியை 340-ஆல் பெருக்கினால் தூரம் மீட்டரில் வந்துவிடும். இந்த இடியோசைக்கு இப்பகுதிப் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் வைத்த பெயரின் பொருள் ‘வெள்ளை இடி’. படம் எடுப்பவர்கள் கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும். மேகமூட்டம் என்று வருத்தப்படாதீர்கள். தடித்த பனி சிவப்பொளியை விழுங்கிவிடுவதால் மிஞ்சும் நீலம், வெயில் கண்ணைக் கூசாத நாளில்தான் நன்றாகத் தெரியும்.

பிள்ளையைக் கம்பிமேல் தூக்கி உட்கார வைக்காதீர்கள், நாற்காலியிலும் ஏற்ற வேண்டாம். பால்கனிக் கதவும் கேபின் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்று ஊடுருவி ஒன்று படாரென்று அறையும், விரல் நசுங்குவது அப்படித்தான். டிரோன் கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்வழிக்குள் போகவில்லையே என்று குறைபடவும் வேண்டாம். சீல்கள் குட்டி வளர்க்கும் இடம் என்பதால் ஆகஸ்ட் முடியும்வரை பெரிய கப்பல்களுக்கு அங்கே தடை.

திரும்பும் வழியில் பிள்ளைகள் தூங்கினால் தூங்கட்டும். ஆனால் ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை அதற்குமுன் முடித்துக் காட்டிவிடுங்கள். விரிகுடாவின் வாய்க்கு வந்ததும் ரேஞ்சர்கள் அதே ஏணியில் இறங்கிப் போய்விடுவார்கள், அதற்கப்புறம் பேட்ஜ் கேட்டு அழுதால் கொடுக்க ஆள் இருக்காது.